மேய்ச்சல் நில நிரவல்

மேய்ச்சல் நில நிரவல் என்பது ஆடுமாடுகள் மேயும் நிலத்தில் உண்டான குழி, மேடு, சக்கரத் தடம், அரிப்புக் கால் முதலியவற்றைச் சரிசெய்து, புல் மீண்டும் பரவலாக வளரவும் கால்நடைகள் காயமின்றி நடமாடவும் வழிசெய்யும் நிலப்பணி ஆகும். மேட்டு மண்ணை எடுத்துப் பள்ளத்தில் பரப்புவதைத் தமிழில் நிரவுதல் என்பர். முன்னாளில் மண்வெட்டி, கூடை, எருது பூட்டிய பரம்புப் பலகை ஆகியவற்றால் செய்யப்பட்ட இப்பணி, தற்காலத்தில் பெரும்பாலும் 15 முதல் 25 குதிரைத்திறன் கொண்ட சிறு உழுவுந்துகளின் துணையுடன் நடைபெறுகின்றது. இவ்வகை உழுவுந்துகள் பேச்சுவழக்கில் மினி டிராக்டர் எனப்படுகின்றன. இக்கட்டுரை சேலம் மாவட்டம் ஓமலூர் வட்டாரத்து மானாவாரி மேய்ச்சல் நிலங்களை முதன்மையாகக் கொண்டு இம்முறையை விளக்குகின்றது.

ஓமலூர் வட்டாரத்து மேய்ச்சல் நிலம்

ஓமலூர், சேர்வராயன் மலைக்கு மேற்கே சரபங்கா ஆற்றின் கரையில் அமைந்துள்ள ஊர். இவ்வட்டாரத்தில் "காடு" என்ற சொல் பெரும்பாலும் வனத்தைக் குறிப்பதில்லை. மழையை நம்பிய புன்செய் நிலத்தையே குறிக்கும். அது மேடாக இருப்பின் மேட்டாங்காடு எனப்படும். பல இடங்களில் மேலே ஒரு சாண் அளவே செம்மண் இருக்கும். அதன் கீழ் சரளையும், வெண்ணிறச் சுக்கான் கல்லும், பாறையும் காணப்படும். இங்குத் தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலும் மழை உண்டு. கோடை மழையும் ஓரளவு பெய்யும். ஆயினும் மழை சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிட்டுப் பல வாரங்கள் காயவிடும் இயல்பினது.

மேச்சேரி ஆடு என்னும் புகழ்பெற்ற செம்மறி இனத்தின் தாயகம் இப்பகுதியே. மேச்சேரி, கொளத்தூர், நங்கவள்ளி, ஓமலூர், தாரமங்கலம் ஆகிய ஒன்றியங்களிலும் ஈரோடு மாவட்டத்தின் பவானிப் பகுதியிலும் இவ்வினம் வளர்க்கப்படுகின்றது. இறைச்சிக்காகவும் தரமான தோலுக்காகவும் பெயர்பெற்ற இவ்வினத்திற்கென, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று மேச்சேரியை அடுத்த பொட்டனேரியில் உள்ளது. செம்மறியாடு தரையை ஒட்டிக் கடித்து மேய்வது. புல்லின் அடிப்பகுதி வரை மேயப்பட்ட நிலத்தில் பெய்யும் முதற் கனமழையே மண்ணை அறுத்துச் செல்லும். எனவே இங்கு நிலம் கரடுமுரடாவதும் புல் குறைவதும் ஒன்றையொன்று வளர்க்கின்றன.

நிலம் கரடுமுரடாகும் காரணங்கள்

முதற் காரணம் பழைய பயிர். சேலம், நாமக்கல் மாவட்டங்களில் மரவள்ளி பெருமளவில் பயிராகின்றது. மக்கள் இதனைக் குச்சிக்கிழங்கு என்பர். கிழங்கு பிடுங்கிய காட்டில் பார்களும் குழிகளும் அப்படியே எஞ்சும். அடுத்த ஆண்டு ஆளோ தண்ணீரோ கிடைக்காமல் அக்காடு தரிசாக விடப்பட்டால், அதே நிலையில் அது மேய்ச்சல் நிலமாகிவிடும்.

இரண்டாவது காரணம் சீமைக் கருவேல மரம். அதனை வேரோடு பெயர்க்க மண்தோண்டும் இயந்திரம் வந்து சென்ற பின், மரத்துக்கு ஒரு குழி வீதம் நிலம் முழுதும் குழியாகின்றது. அடியில் கிடந்த சரளை மேலே வருகின்றது. குழியை யார் மூடுவது என்பது மரத்தை அகற்றும்போது எவரும் பேசாத செய்தி.

ஈர நிலத்தில் வண்டி ஓட்டிய தடங்கள், மாட்டுக் குளம்பு பதிந்த குழிகள், வீட்டுக்கு மண் எடுத்த பள்ளங்கள், கரையான் புற்றுகள், மலையடிவாரத்தில் காட்டுப்பன்றி கிளறிய இடங்கள் ஆகியவையும் உண்டு. இவற்றுள் சரிவோடு சரிவாகக் கீழ்நோக்கிச் செல்லும் சக்கரத் தடமே மிகவும் கேடு விளைவிப்பது. முதல் மழையில் அது வாய்க்காலாகவும், சில ஆண்டுகளில் ஆழமான அரிப்புக் காலாகவும் மாறும்.

கால்நடைகளுக்கு நேரும் தீங்கும் சிறிதன்று. வாரக்கணக்கில் நீர் தேங்கி நிற்கும் பள்ளங்களில் நத்தைகள் பெருகும். கல்லீரல் தட்டைப்புழு தன் வாழ்க்கைச் சுழற்சியின் ஒரு பகுதியை இவ்வகை நீர் நத்தைகளின் உடலிலேயே கழிக்கின்றது. சேற்றில் தொடர்ந்து நிற்கும் ஆடுகளுக்குக் குளம்பு அழுகலும் வரலாம்.

நிரவலும் சமதளமாக்கலும்

இவ்விரண்டும் ஒன்றெனக் கருதுவதே இப்பணியில் நேரும் மிகப்பெரிய தவறு. நெல் வயலில் நீர் ஒரே உயரத்தில் நிற்கவேண்டும். ஆகவே வயல் சமதளமாக இருத்தல் வேண்டும். மேய்ச்சல் நிலத்துக்கு அத்தேவை இல்லை. அதன் இயற்கைச் சரிவு அப்படியே இருக்கலாம். சரிவின் மேல் உள்ள சிறு குழிமேடுகள் மட்டுமே சரிசெய்யப்பட வேண்டியவை.

இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். அதன் மேல் ஒரு செண்டிமீட்டர் தடிப்புள்ள மண் ஏறத்தாழ 40 கன மீட்டர் ஆகும். 100 கன அடியை ஒரு யூனிட் எனக் கொள்ளும் நம் வழக்கப்படி இது 14 யூனிட்டுக்குச் சற்று மேல். இப்போது நூற்றுக்கு ஒன்று என்ற மென்மையான சரிவுள்ள, சதுர வடிவ ஏக்கர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு பக்கம் சுமார் 64 மீட்டர். எனவே மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் உள்ள உயர வேறுபாடு 64 செண்டிமீட்டர். இதனைச் சமதளமாக்க, மேல் விளிம்பில் 32 செண்டிமீட்டர் வெட்டி, படிப்படியாகக் குறைத்து, நடுவில் சுழியம் ஆக்கவேண்டும். மேற்பாதியில் வெட்டின் சராசரி ஆழம் 16 செண்டிமீட்டர். நகரவேண்டிய மண் சுமார் 320 கன மீட்டர், அதாவது 110 யூனிட்டுக்கும் மேல்.

மண்ணின் அளவைவிட இங்குக் கவனிக்கவேண்டியது ஆழம். ஒரு சாண் செம்மண் உள்ள காட்டில் சராசரியாக 16 செண்டிமீட்டர் வெட்டினால், மேற்பாதி நிலத்தின் உயிர்மண்ணில் பெரும்பகுதி போய்விடும். மேல் விளிம்பை ஒட்டிய பகுதியில் சரளையும் சுக்கானும் மட்டுமே மிஞ்சும். புல்லின் வேர், மக்கு, மண்ணில் உறங்கும் விதை அனைத்தும் கீழ்ப்பாதியில் புதைந்துபோகும். கண்ணுக்கு அழகாகத் தோன்றும் இந்நிலத்தின் மேற்பாதியில் பல ஆண்டுகள் வரை நல்ல புல் வராது. மாறாக, சரிவை விட்டுவிட்டு நிலப்பரப்பில் பத்தில் ஒரு பங்கில் உள்ள 10 செண்டிமீட்டர் குழிகளை மட்டும் மூடுவதற்கு 40 கன மீட்டர் மண்ணே போதும்.

கருவிகள்

உழுவுந்தின் பின்னால் கருவியைப் பூட்டும் மும்முனை இணைப்பு, அயர்லாந்தில் பிறந்த ஆரி ஃபெர்குசன் 1920களில் உருவாக்கிய முறையாகும். 1939இல் ஃபோர்டு நிறுவனத்துடன் கூட்டாக அவர் வெளியிட்ட டிராக்டர் வழியே இது உலகெங்கும் பரவியது. இன்றைய மினி டிராக்டர்களிலும் இதே இணைப்பே உள்ளது.

மினி டிராக்டரின் எடை பொதுவாக ஒரு டன் அளவிலேயே இருப்பதால், இரண்டு டன் வரை எடையுள்ள பெரிய டிராக்டரைவிட மண்ணை இறுக்குவது குறைவு. மரங்களுக்கு இடையே திரும்பவும் எளிது. ஆனால் இழுவை ஆற்றலும் குறைவு. ஆகையால் கெட்டி மண்ணை நேரடியாகச் சீவ அதனால் இயலாது. முதலில் இளக்கி, பிறகு நகர்த்தவேண்டும்.

இளக்குவதற்கு ஐந்து கொத்துக் கலப்பை ஏற்றது. ஒன்பது கொத்துக் கலப்பை பெரிய டிராக்டருக்கு உரியது. இறுகிப்போன தடங்களில் உளிக் கலப்பை பயன்படும். சட்டிக் கலப்பை மண்ணைப் புரட்டி அடிமண்ணை மேலே கொண்டுவருவதால் மேலோட்டமான மண்ணுள்ள காட்டுக்குப் பொருந்தாது. ரோட்டவேட்டர் எனப்படும் சுழற்கலப்பை மண்ணை மாவாக்கிவிடும். செம்மண்ணை அவ்வாறு மாவாக்கினால் அடுத்த மழையில் மேற்பரப்பு ஓடுபோல் இறுகி, முளையை வெளிவர விடாது. ஒரே ஓட்டத்தில் நிலம் அழகாகிவிடுகின்றது என்பதால் பலர் இதனையே கேட்டு வாங்கி ஓட்டுகின்றனர். மேய்ச்சல் நிலத்தைப் பொறுத்தவரை இது தவிர்க்கத்தக்கது.

மண்ணை நகர்த்த, பின்னால் பூட்டும் இரும்புப் பலகையும் (பிளேடு அல்லது லெவலர் என்பர்) சிறு டிப்பர் பெட்டியும் போதும். இறுதியாகப் பரப்புவதற்குப் பரம்பு. பழைய தண்டவாளத் துண்டு, பனந்துண்டு, கனமான இரும்புச் சட்டம் ஆகியவற்றுள் எதனையும் சங்கிலியால் கட்டிப் பரம்பாக இழுக்கலாம்.

பின்பலகை ஏன் அலை எழுப்புகின்றது

பிளேடு ஓட்டிய நிலத்தில் முன்பு இல்லாத அலைபோன்ற மேடுபள்ளங்கள் தோன்றுவதைக் காணலாம். ஓட்டுநரின் திறமைக்குறைவு என்று இதனைச் சொல்வதுண்டு. உண்மையில் இது கருவியின் வடிவியலால் விளைவது.

முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைவெளி 1.5 மீட்டர் என்றும், பின்னச்சுக்குப் பின்னால் 1.5 மீட்டர் தொலைவில் பலகை உள்ளது என்றும் கொள்வோம். முன்சக்கரங்கள் 10 செண்டிமீட்டர் மேட்டில் ஏறும்போது, டிராக்டர் பின்னச்சை மையமாகக் கொண்டு சாய்கின்றது; பலகை 10 செண்டிமீட்டர் கீழிறங்கி, இளகிய மண்ணைத் தோண்டுகின்றது. சிறிது நேரத்தில் பின்சக்கரங்கள் அதே மேட்டில் ஏறுகின்றன. இப்போது முன்னச்சு மையமாகின்றது. அதிலிருந்து பலகை 3 மீட்டர் தொலைவில் இருப்பதால் 20 செண்டிமீட்டர் மேலெழுந்து, சுமந்துவந்த மண்ணைக் கொட்டிவிடுகின்றது. ஆக, 10 செண்டிமீட்டர் மேடு ஒன்று, தனக்குப் பின்னால் ஒரு பள்ளத்தையும் ஒரு குவியலையும் ஈன்றுவிடுகின்றது. மினி டிராக்டரின் அச்சிடைவெளி குறைவு என்பதால் இக்குறை அதில் மிகுதியாகத் தெரியும்.

இதற்குத் தீர்வு மூன்று. நீரியல் தூக்கியின் நெம்புகோலை முழுதும் இறக்கி, பலகை தரையின் மேல் தானே மிதந்து செல்லுமாறு விடலாம். முதல் ஓட்டத்துக்குக் குறுக்காக இரண்டாம் ஓட்டத்தைச் செலுத்தலாம். எல்லாவற்றினும் சிறந்தது, பெரிய மேடுகள் குறைந்தவுடன் பலகையைக் கழற்றிவிட்டுப் பரம்பைக் கட்டுவதே. சங்கிலியில் இழுபடும் பரம்புக்கு டிராக்டரின் ஆட்டம் ஏறத்தாழ எட்டுவதில்லை. மேட்டில் உரசி, பள்ளத்தில் உதிர்த்து, தன் நீளத்துக்குத் தக்கவாறு சராசரியாக்கிச் செல்லும். எருதுகளுக்குப் பின்னால் பலகை மேல் ஒருவர் நின்று ஓட்டிய பழைய பரம்பு இதே வேலையைச் செய்தது.

நீரியல் தூக்கி பலகையைத் தூக்க மட்டுமே வல்லது. பொதுவாகக் கீழ்நோக்கி அழுத்தாது. உலர்ந்து இறுகிய மேட்டின் மேல் பலகை வழுக்கிச் செல்வதற்குக் காரணம் இதுவே. பலகை மேல் கல் ஏற்றுவதைவிட, மேட்டை மட்டும் கொத்துக் கலப்பையால் ஒருமுறை கீறிவிடுவது நல்லது.

பணி முறை

முதலில் நிலத்தை நடந்து பார்க்கவேண்டும். பெரிய மழைக்கு மறுநாள் பார்த்தால் நீர் எங்கே தேங்கியது, எவ்வழியே ஓடியது என்பது தானே தெரியும். மூன்று மீட்டர் நேரான கழி ஒன்றைத் தரையில் கிடத்தி, அதன் அடியில் உள்ள இடைவெளியைப் பார்த்துக் குழிகளைத் தரம் பிரிக்கலாம். ஐந்து செண்டிமீட்டருக்கு உட்பட்டவற்றைத் தொடவேண்டியதில்லை. குளம்பும் மழையும் அவற்றை நாளடைவில் சரிசெய்துவிடும். ஒரு சாண் வரையுள்ளவை பலகைக்கும் பரம்புக்கும் உரியவை. அதற்கு மேற்பட்ட குழிகளை வெளிமண் கொண்டுவந்தே நிரப்பவேண்டும். பக்கத்து மேல்மண்ணைச் சுரண்டி ஆழ்குழியை நிரப்புவது ஒரு புண்ணை ஆற்ற மற்றொரு புண்ணை உண்டாக்குவது ஆகும். அடியில் கல்லும் சரளையும் இட்டு, மேலே ஏரி வண்டலைப் பரப்பலாம். ஏரியில் வண்டல் எடுக்க அரசின் அனுமதி தேவை. நிரப்பிய மண் பின்னர் அமிழும் என்பதால் சற்று உயர்த்தியே நிரப்புவர்.

மண்ணின் பதம் அடுத்தது. சித்திரை, வைகாசியில் பெய்யும் கோடை மழைக்குப் பின் இரண்டு மூன்று நாள் கழித்து, ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டினால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிரவேண்டும். பிசுபிசுப்பாக ஒட்டினால் காத்திருக்கவேண்டும். ஈரத்தில் ஓட்டினால் சீர்செய்ய வந்த டிராக்டரே புதிய தடங்களை இட்டுச்செல்லும். உருண்டையே ஆகாவிட்டால் அடுத்த மழை வரட்டும் என்று விடுவது நலம்.

நல்ல புல் உள்ள இடங்களைக் குச்சி நட்டு அடையாளமிட்டு, அவற்றை உழாமல் விடுவர். கொழுக்கட்டைப் புல் தூர் கட்டி வளர்வதால், அதன் அடியில் மண் சேர்ந்து சிறு மேடாகத் தெரியும். அதனை மேடு என்று சீவிவிட்டால் நிலத்தின் மிகச்சிறந்த பகுதியை இழக்க நேரும். உழவும் பரம்பும் சரிவுக்குக் குறுக்காகவே செல்லவேண்டும். அரிப்புக் காலை மண்ணிட்டு மூடினால் மட்டும் போதாது. நீர் வரும் வழியை மாற்றாவிடில் அடுத்த மழை அம்மண்ணை அள்ளிச்செல்லும். எனவே மேற்புறத்தில் சிறு வரப்பு எழுப்பி நீரைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டு, காலின் குறுக்கே கற்களை அடுக்கிய பின்னரே மண் நிரப்பப்படும்.

கரையான் புற்றுகள் தனிச் செய்தி. பாம்புக்குரிய இடமாகக் கருதி மஞ்சள், குங்குமம் இட்டு வழிபடும் புற்றுகள் இப்பகுதியில் பல. ஊராரைக் கேளாமல் அவற்றின் மேல் பலகையை ஓட்டுவதில்லை.

வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டர்களையும் கருவிகளையும் வாடகைக்கு வழங்குகின்றது. 2018இல் தமிழ்நாடு அரசு அறிமுகப்படுத்திய உழவன் செயலியிலும் வேளாண் இயந்திர வாடகை குறித்த விவரங்கள் கிடைக்கின்றன.

விதைப்பும் ஓய்வும்

நிரவிய நிலத்தை வெறுமையாக விட்டால் பார்த்தீனியமும் சீமைக் கருவேலமும் முந்திக்கொள்ளும். ஆகவே பருவமழையை ஒட்டி விதைத்துவிடவேண்டும். மானாவாரிக்குக் கொழுக்கட்டைப் புல் முதன்மையானது; எக்டேருக்கு 6 முதல் 8 கிலோ விதை போதும். இதன் விதைக்கு உறக்கக் காலம் உண்டு. அறுவடை செய்து 6 முதல் 8 மாதம் கழித்தே நன்கு முளைக்கும். புதுவிதையை வாங்கித் தூவிவிட்டு முளைக்கவில்லையே என்று வருந்துவோர் உண்டு. உடன் விதைக்க முயல் மசால் ஏற்றது. பயறு வகையைச் சேர்ந்த இது மண்ணுக்குத் தழைச்சத்தைச் சேர்க்கும். இதன் கடினத் தோலை நெகிழ்த்த, 80 பாகை செல்சியசு வெந்நீரில் சுமார் நான்கு நிமிடம் வைத்தெடுத்து, பின் குளிர்ந்த நீரில் இரவு முழுதும் ஊறவைப்பர். புல் விதை மிகச் சிறியது. மணலோடு கலந்து தூவி, முள்கொத்தையோ இலேசான பரம்பையோ ஒருமுறை இழுத்தால் போதும். ஆழமாக மூடினால் முளைக்காது.

இதன்பின் தேவைப்படுவது ஓய்வு. செலவற்றதாகத் தோன்றினும் உண்மையில் இதுவே கடினமானது. முதற் பருவத்தில் புல் பூத்து விதை உதிரும் வரை ஆடுகளை உள்ளே விடலாகாது. ஆடு வளர்ப்பவருக்கு வேறு காடு இல்லாதபோது இது எளிதன்று. எனவே முழு நிலத்தையும் ஒரே ஆண்டில் சீர்செய்யாமல், மூன்றில் ஒரு பங்கு என்ற அளவில் ஆண்டுதோறும் செய்வது நடைமுறைக்கு ஒத்தது. ஓய்வு முடிந்த நிலத்தில் இரவில் ஆட்டுப்பட்டி அடைத்தால் எருவும் சேரும்.

இவ்வகையில், கொங்கு நாட்டின் மற்றொரு பகுதியான காங்கேயம் வட்டாரத்துக் கொறங்காடு ஒப்பிடத்தக்கது. அங்குக் கிளுவை வேலியால் அடைக்கப்பட்ட தனித்தனிக் காடுகளில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளர்க்கப்படுகின்றன. கால்நடைகளை ஒரு காட்டிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி மாற்றி மேய்ப்பர். பல ஆண்டுகளுக்கு ஒருமுறையே நிலத்தில் கலப்பை இறங்கும். வேலி இருப்பதால் அங்கு ஓய்வளிப்பது எளிதாகின்றது. ஓமலூர்ப் பகுதியின் திறந்த காடுகளில் அவ்வாய்ப்பு குறைவு.

பிற நாடுகளில்

பிரித்தானியா, நியூசிலாந்து போன்ற ஈரமான நாடுகளில் இளவேனிலில் சங்கிலிப் பரம்பு இழுத்து, உருளை ஓட்டுவது புல்வெளிப் பராமரிப்பின் பகுதியாகும். செம்மண்ணில் உருளை ஓட்டினால் மேற்பரப்பு மேலும் இறுகும். அம்முறையை அப்படியே பின்பற்ற முடியாது. வறண்ட நிலப் பகுதிகளில் இதற்கு நேர்மாறான வழக்கமும் உள்ளது. ஆத்திரேலியாவிலும் அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலும் வெறுமையாகி இறுகிய மேய்ச்சல் நிலங்களில், மழைநீரைப் பிடிக்க இயந்திரத்தால் வேண்டுமென்றே சிறு குழிகள் இடப்பட்டன. மேற்கு ஆப்பிரிக்காவின் புர்க்கினா ஃபாசோவில் கையால் தோண்டப்படும் சாய் குழிகளும் இத்தகையவையே. இவை சில நாட்களில் உறிஞ்சப்படும் அளவே நீரைப் பிடிப்பவை. நத்தை பெருகும் பள்ளங்களோடு இவற்றைக் குழப்பிக்கொள்ளலாகாது.

பாதுகாப்பு

இப்பகுதியில் முதலில் தேட வேண்டியது கிணறு. கைப்பிடிச் சுவர் இல்லாத, புதர் மூடிய பழைய கிணறுகள் தரிசு நிலங்களில் உள்ளன. தமிழ்நாட்டில் டிராக்டர் கிணற்றில் விழுந்து உயிரிழப்பு நேர்ந்த செய்திகள் அவ்வப்போது வெளிவருகின்றன. கிணற்றைச் சுற்றிப் பல மீட்டர் தொலைவில் கயிறு கட்டி எல்லையிட்ட பின்னரே பணியைத் தொடங்கவேண்டும். விளிம்பை ஒட்டிய மண் எடை தாங்காமல் சரியக்கூடும்.

பரம்பையோ வெட்டிய மரத்தின் அடிக்கட்டையையோ இழுக்கும் சங்கிலியைப் பின்னச்சுக்குக் கீழே உள்ள இழுகொக்கியிலேயே மாட்டவேண்டும். மேலிணைப்பிலோ இருக்கையின் அடியிலோ கட்டி இழுத்தால், இழுபொருள் சிக்கிக்கொண்ட நொடியில் முன்பகுதி மேலெழுந்து டிராக்டர் பின்புறமாகக் கவிழ்ந்துவிடும். ஓட்டுநர் குதிக்க நேரம் இராது. சக்கரக் காப்பின் மேல் குழந்தைகளை அமர்த்திக்கொண்டு ஓட்டும் வழக்கம் இப்பணியில் அறவே கூடாது.

புறம்போக்கு நிலங்கள்

மேய்ச்சலுக்கென ஒதுக்கப்பட்ட பொதுநிலம் வருவாய்ப் பதிவேடுகளில் மேய்க்கால் புறம்போக்கு எனக் குறிக்கப்படுகின்றது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994, இத்தகைய நிலங்களின் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைக் கிராம ஊராட்சிக்கு அளிக்கின்றது. இந்நிலத்தில் தனியொருவர், நல்லெண்ணத்துடனேயே ஆயினும், தம் விருப்பப்படி டிராக்டரை இறக்க இயலாது. ஊராட்சியின் தீர்மானமும் வருவாய்த் துறையின் ஒப்புதலும் பெறுவதே முறை.

இதில் மற்றொரு சிக்கலும் உண்டு. கரடுமுரடான மேய்க்காலை எவரும் நாடுவதில்லை. நிரவி அழகாக்கிய மேய்க்கால் வீட்டுமனையாகவும் விளைநிலமாகவும் பிறர் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். பஞ்சாபின் ஒரு சிற்றூரில் குளத்து நிலம் ஆக்கிரமிக்கப்பட்ட வழக்கில் (ஜக்பால் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம்) இந்திய உச்சநீதிமன்றம் 2011 சனவரி 28 அன்று அளித்த தீர்ப்பு, ஊர்ப் பொதுநிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றி அவற்றை ஊராரின் பொதுப் பயன்பாட்டுக்கு மீட்கத் திட்டம் வகுக்குமாறு எல்லா மாநில அரசுகளுக்கும் ஆணையிட்டது. பொதுநிலத்தில் பணி தொடங்கும் முன் நில அளவரைக் கொண்டு எல்லைக்கற்களைச் சரிபார்த்து, புலப்படத்தின் நகல் ஒன்றை ஊராட்சி அலுவலகத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பலகை ஓட்டும்போது முதலில் பெயர்ந்துபோவது பெரும்பாலும் எல்லைக்கல்தான்.